வேதக்கோயில் வாசலில் நான் ஏன் நின்றேன்

என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் தெரியாது. எனக்கே இன்னும் பள்ளிப் படிப்பு முடியவில்லை. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். நீ வளர்ந்து, படிப்புக்கோ வேலைக்கோ பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற வயதில் இதைப் படிக்கவேண்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் "போகாதே" என்று சொல்லுவார்கள். ஏன் என்று சொல்லமாட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். நானும் ஒருநாள் உன்னிடம் "போகாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவளாக ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படி ஆவதற்குள், எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே, காரணத்தோடு எழுதி வைக்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் வகுப்பில் படிக்கிற எஸ்தரை நான் வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவளுக்குக் கடைசிப் பாடம். இத்தனை வாரம் கற்றதை அவள் போதகர் முன்னால் சொல்லிக் காட்டினால், இந்த வருஷம் சாரணியரில் அவளுக்குச் சமய விருது கிடைக்கும். துணைக்கு விருதுத் தொண்டர் வராவிட்டால் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கமாட்டார்கள். அந்தத் தொண்டர் நான்தான். ஆனால் என்னுடைய சாரணியர் ஸ்கார்ஃப் இப்போது அப்பாவின் பீரோவுக்குள் இருக்கிறது. "நாளைக்கு நீ எங்கயும் போவ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். போவேன் என்று முடிவுசெய்தாகிவிட்டது. எப்படிப் போவது என்பதைத்தான் எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

உன் காலத்தில் சாரணர் இயக்கம் எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது. இங்கே எங்கள் பள்ளியில் கூடாரம் அடிப்போம், முடிச்சுப் போடுவோம், காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொள்வோம். உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையைச் செய்வேன் என்று ஒரு வரி வரும். எல்லோரும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு ஓடுகிற வரி அது. அந்த வரியை நின்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் சமய விருது இருக்கிறது. அவரவர் சமயத்துப் பெரியவரிடம் போய்ப் பாடம் கேட்கவேண்டும். அவரவர் கும்பிடுகிற இடத்தைக் கூட்டிப் பெருக்கித் தொண்டு செய்யவேண்டும். கடைசியில் புரிந்ததை அந்தப் பெரியவரிடமே சொல்லிக் காட்டவேண்டும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே மேடையில் வரிசையாக நின்று பதக்கம் குத்திக்கொள்வார்கள். இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியப்படுத்தி, வீட்டில் சம்மதம் கேட்டு, கூட்டிக்கொண்டு போய்விட்டு, திரும்பக் கூட்டிவருவதுதான் தொண்டரின் வேலை. சம்பளம் கிடையாது, மார்க்கும் கிடையாது. எங்கள் சாரணியர் டீச்சர் கேட்டார். நான் சரி என்றேன்.

அதில் நான் கேட்ட பேச்சை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். ஆறாம் வகுப்பில் போய் நான் முதல்முதலாகப் பேசியபோது ஒருத்தி எழுந்து, "யக்கா, சாமி கும்பிட்டா பதக்கம் தருவாவளா? எங்க அத்த நாள் முச்சூடும் கும்பிடுதா, அவளுக்கு எத்தன தருவிய?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மளிகைக்கடைக்காரர் வீட்டு அம்மாள், "எம் பிள்ளைக்குச் சாமிய நான் காட்டிக்கிடுதேன். நீ முதல்ல ஒம் பாடத்தப் படிட்டி" என்று கதவைச் சாத்தினார். தையல்கடை பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "தெனமும் ஓதத்தான் அனுப்புதோம். அதுக்குப் பதக்கம் வேறயா? தந்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?" என்று சிரித்தபடி மகளின் பெயரைத் தந்தார். யாரையும் நான் கெஞ்சவில்லை. உனக்கும் சொல்லுகிறேன், நல்ல காரியத்தைச் சொல்லப் போகிற இடத்தில் கெஞ்சாதே. சொல்லிவிட்டு வா. வேண்டுகிறவர்கள் பின்னாலேயே வருவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் டீச்சர் கண்டிப்பாக இருந்தார். "வேற சமயத்துப் பாடம் நடக்கும்போது நீ உள்ள உக்காரக் கூடாது, கேட்டியா? நீ யாரையோ இழுத்தன்னும் ஒருத்தரும் சொல்லக் கூடாது. ஒன்ன யாரோ இழுத்துட்டாவன்னும் சொல்லக் கூடாது. பிள்ளைய உள்ள அனுப்பு, முடிஞ்சதும் கூட்டிட்டு வா." இந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. அவரவர் வழியில் அவரவரைக் கொண்டுபோய் விடுவது. அவ்வளவுதான். அந்த விதியை நான் ஒருநாளும் மீறவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது உன் தாத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் நூல் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அடிக்கிறவர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. கோபம் வந்தால் பேசாமல் இருப்பார், வீடே இறுகிப்போகும். அடி வாங்குகிற என் சிநேகிதிகளைவிட நான் அதிகமாகப் பயப்படுவது அதனால்தான். போன வருஷம் நானே சமய விருதுக்குச் சேர்ந்தபோது, வாராவாரம் என்னைச் சைக்கிளில் வைத்து ஆற்றங்கரைச் சிவன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அங்கே ஓதுவாரிடம் எனக்குப் பாடம். கோபுரத்துக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைச் சொல்லுவார். "நீ போய்ட்டு வா. நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்."

அந்தச் செருப்பை எவன் எடுப்பான் என்று எனக்குச் சிரிப்பு வரும். பட்டை அறுந்து அறுந்து தைத்த செருப்பு அது. ஒருநாள் ஓதுவாரே பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "உள்ள வந்து உக்காருமேன் அண்ணாச்சி, பிள்ள பாடுததக் கேக்க வேண்டாமா?" அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும் சாமி, இங்கன காத்தோட்டமா இருக்கு" என்றார். சித்திரை மாதம், ஒரு இலை அசையவில்லை.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா, ஆழ்வார்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குப் போவோம். அங்கே அப்பா வேறு ஆள். முதல் ஆளாக உள்ளே போவார், தேங்காயை ஒரே போடில் உடைப்பார், சத்தமாகப் பேர் சொல்லிக் கும்பிடுவார். விருதுக்கான தொண்டை எந்தக் கோயிலில் செய்வது என்று நான் ஓதுவாரிடம் கேட்டபோது, "ஒங்க சாஸ்தா கோயில்லயே செய், யாரு வேண்டாம்னா?" என்றார். அப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்க அந்த இடத்தைச் சுத்தம் செய்தோம். அப்பா மண்வெட்டியால் முள்ளை வெட்டிக்கொண்டே, "பதக்கத்த ஒனக்குக் குத்துவாவளா, எனக்குக் குத்துவாவளா?" என்று கேலி செய்தார். ஒரே மனிதர் ஒரு கோயிலில் முதல் ஆளாகவும் இன்னொரு கோயிலில் வாசலிலும் ஏன் நிற்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நம்முடைய வீட்டில் பார்ப்பதை யாரும் கேள்வியாகப் பார்ப்பதில்லை.

எஸ்தரின் அம்மா மலைமேல் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறார். எஸ்தர் இங்கே சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். சித்திக்குப் பீடிக் கட்டு முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் வாராவாரம் நான் கூட்டிக்கொண்டு போனேன். வேதக்கோயிலுக்கு எதிரே ஒரு புளியமரம், வாசலில் இரும்புக் கதவு, உள்ளே போதகர் வீட்டு வராண்டாவை ஒட்டிய அறையில்தான் பாடம். இங்கே சபைப் போதகரை எல்லோரும் ஐயர் என்றுதான் சொல்லுவோம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். முதல் வாரம் எஸ்தர் வாசலில் விட்டுப்போன செருப்பில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நானும் அவளும் தெருக்கோடிவரை துரத்திப் போய் மீட்டோம். அவள் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தபோது வாங்கித் தந்த புதுச் செருப்பு அது. அழுகையை அடக்கிக்கொண்டு எஸ்தர், "யக்கா, இனிமே நீங்களே வச்சிக்கிடுங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் கழற்றித் தருவாள், நான் கையில் பிடித்துக்கொண்டு இரும்புக் கதவுக்கு வெளியே நிற்பேன். டீச்சரின் விதிப்படி பாடத்தில் உட்காரக் கூடாது, அதனால் வெளியே நின்றேன் என்றுதான் இன்று சாயங்காலம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தப்பு என்மேலும் உண்டு. நான் எங்கே போகிறேன் என்று அப்பாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. "கைட்ஸ் வேலையா போறேம்பா" என்று சாரணியரைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. நான் வேதக்கோயில் வாசலில் நிற்பதை யாரோ போட்டோ எடுத்து ஊரார் போனுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். இன்று டீக்கடையில் அது அப்பாவின் கண்ணில் பட்டது.

அப்பா வீட்டுக்குள் வந்தபோது அம்மா மடியில் முறம் மாதிரிச் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏட்டி, இது யாரு?"

"நான்தாம்பா."

"கையில என்னது?"

வேதக்கோயிலைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். கையைப் பற்றிக் கேட்டார். "எஸ்தர் செருப்பு. நாயி தூக்கிட்டுப் போயிரும்னு வச்சிருக்கேன்" என்றேன்.

"கடையில எல்லாவனும் பாக்கான். ‘என்ன அண்ணாச்சி, ஒம்ம மவ வேதத்துல சேந்துட்டாளாமே, எங்களுக்கெல்லாம் கேக்கு உண்டா’ன்னு சைக்கிள் கடைக்காரன் கேக்கான். பல்லக் காட்டிட்டுக் கேக்கான்."

அம்மா எனக்காகப் பேசினாள், பாவம். "அவ உள்ளயே போவலயே. போட்டோவ நல்லாப் பாருங்க, வெளியதான நிக்கா."

அப்பா அதுவரை சத்தம் போடவில்லை. அப்போதுதான் போட்டார்.

"அதத்தாம்ட்டி நானும் பாக்கேன்! உள்ள போயிருந்தா போயிட்டுப் போறா. சாமி எங்கன இருந்தாலும் சாமிதான. வெளிய ஏன் நின்னா? அடுத்தவம் பிள்ள செருப்பக் கையில வச்சிக்கிட்டு எம்மவ ஏன் வாசல்ல நின்னா?"

 அப்பா என்னுடைய ஸ்கார்ஃபைக் கொடியிலிருந்து உருவி, மடித்து, ஆமாம், கோபத்திலும் மடித்துத்தான், பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த மடிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அவர் படுத்த பிறகு அம்மா பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அப்பாவைப் பெற்ற தாத்தா ஒரு பண்ணை வீட்டில் வேலை பார்த்தவர். அந்த ஊர்க் கோயிலுக்குள் நம் ஆட்கள் போகக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது, யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் தாத்தா போகமாட்டார். பண்ணை வீட்டார் சாமி கும்பிடப் போகும்போது வாசலில் அவர்களுடைய செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார். யாரும் நிற்கச் சொன்னதில்லை. யாரும் உள்ளே வா என்று சொன்னதுமில்லை. ஒருநாள் மழை. வெளியே வந்த ஒருவர், "லே, சேறாக் கெடக்கு பாரு" என்று மட்டும் சொன்னாராம். தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் செருப்பைத் துடைத்துக் கொடுத்தார். அப்போது அப்பா சின்னப் பையன், தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். "அந்தத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் எங்கப்பா வீட்டுக்கு வந்தாரு" என்று, கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

அம்மா சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. தாத்தாவை நினைத்து இல்லை, என்னை நினைத்து. ஏனென்றால் ஐயரம்மா முதல் வாரமே எனக்காக வராண்டாவின் கடைசியில் ஒரு நாற்காலி போட்டார். "பாடத்துக்கு வர வேண்டாம்னா வர வேண்டாம், அது ஒங்க விதி. இந்த நிழல்ல உக்காரலாம்லா? வெயில்ல எதுக்கு நிக்க?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இருக்கட்டும்மா, இங்கன காத்தோட்டமா இருக்கு." அப்பா சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கும் காற்று இல்லை. ஐயரம்மா வாராவாரம் நாற்காலியைப் போட்டார், நான் வாராவாரம் வாசலில் நின்றேன். விதி என்னைப் பாடத்தில் உட்காராதே என்றுதான் சொன்னது. வெயிலில் நில் என்று சொல்லவில்லை. என்னை அங்கே நிறுத்தியது வேதக்கோயில் இல்லை, எஸ்தரும் இல்லை. நானேதான் போய் நின்றேன், அப்பா நின்றதைப் பார்த்துப் பார்த்து. அப்பா தன்னைப் பெற்றவர் நின்றதைப் பார்த்திருக்கிறார்.

இதைத்தான் நீ தெரிந்துகொள்ளவேண்டும், பிள்ளே. நல்ல வேலை என்று நம்பித்தான் நான் போனேன். இப்போதும் அது நல்ல வேலைதான். ஒரு பிள்ளையை அதனுடைய சாமியிடம் கொண்டுபோய் விடுவதைவிட எனக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. ஆனால் நல்ல வேலைக்குப் போகும்போதும் நாம் எப்படி நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவேண்டும். துணைக்குப் போகிறவள் தலை குனிந்து நிற்கவேண்டியதில்லை. உனக்கு நாற்காலி போட்டால் உட்கார். போடாவிட்டால் கேள். கேட்டும் தரவில்லையென்றால், அது எப்படிப்பட்ட வீடு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அம்மா ஒரு வழி சொன்னாள். "காலையில அவிய ஆத்துக்குக் குளிக்கப் போவும்போது சாவிய ஆணியில மாட்டிட்டுத்தான் போவாவ. நான் எடுத்துத் தாரேன். பைய போய்ட்டு வந்துரு, நான் சமாளிச்சுக்கிடுதேன்." அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று அப்போது தெரிந்தது. ஆனால் அந்த வழி வேண்டாம். ஒளிந்து போனால், டீக்கடையில் பேசியதெல்லாம் உண்மை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அதைவிட, அப்பா மறுபடியும் அந்தப் போட்டோவோடு தனியாக விடப்படுவார். எஸ்தரை ஏமாற்றவும் மாட்டேன், அப்பாவை ஏமாற்றவும் மாட்டேன். அவர் ஆற்றுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எதிரே நின்று கேட்கப்போகிறேன். ஸ்கார்ஃபைத் தாருங்கள் என்று கேட்பேன். நீங்களும் வாருங்கள் என்றும் கேட்பேன். குரல் நடுங்கும், தெரியும். நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற குரலில் சொன்னாலும் வார்த்தை வார்த்தைதான்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டது. வெளிச்சத்தில், வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறைக்கவில்லை.

காலையில் அப்பா துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்தபோது குறுக்கே போய் நின்றேன். யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "எஸ்தருக்கு இன்னைக்குக் கடைசிப் பாடம். நான் போவலன்னா அவளுக்கு விருது இல்ல. ஸ்கார்ஃபத் தாங்கப்பா" என்றேன். "இனிமே நான் வாசல்ல நிக்கமாட்டேன். வராண்டாவுல நாற்காலி இருக்கு, முதல் வாரத்துலருந்தே போடுதாவ, அங்கன உக்காருவேன்" என்றேன்.

"போடுதாவன்னா அன்னைக்கே ஏன் உக்காரல?" என்றார்.

"ஓதுவார் கூப்பிட்டப்பம் நீங்க உக்காந்தீங்களாப்பா?"

அதை நான் கேட்க நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். சாவியை ஆணியில் மாட்டவில்லை, கையோடு கொண்டுபோனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சீருடையைப் போட்டுக்கொண்டு, ஸ்கார்ஃப் இல்லாமல் வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்படியே போய்விடுவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஈரத்தலையோடு திரும்பி வந்தவர் நேரே பீரோவைத் திறந்தார். ஸ்கார்ஃபை எடுத்து என் மடியில் போட்டார். "எத்தன மணிக்கு?" என்றார். சொன்னேன். "நானும் வாரேன். அந்த நாயி எவ்வளவு பெரிசுன்னு பாப்போம்."

வேதக்கோயிலில் ஐயரம்மா அப்பாவைப் பார்த்ததும் உள்ளே ஓடி இன்னொரு நாற்காலி கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். எஸ்தர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். என் கையும் வழக்கம்போல நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன். "அங்கனயே போடு எஸ்தர்" என்றேன்.

"நாயி தூக்கிட்டுப் போயிட்டா யக்கா?"

அப்பா சொன்னார், "போனா வேற வாங்கிக்கிடலாம். நீ போயி நல்லாச் சொல்லிட்டு வா."

நான் போய் உட்கார்ந்தேன். அப்பா கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், பஸ்ஸில் இடம் கிடைத்தும் இறங்கப்போகிறவர் மாதிரி. எஸ்தர் பைபிளின் சங்கீதம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்லுவது கேட்டது. நடுவில் நின்றுபோனாள். "என்னட்டி, நின்னுட்டா?" என்று அப்பா என் காதுக்குள் பதறினார். அவள் மறுபடி பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தாள். அதற்குள் அப்பா அவரறியாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சைக்கிள் கடைக்காரர் அந்தப் பக்கமாகப் போனார். இரும்புக் கதவுக்கு வெளியே கால் ஊன்றி நின்று, "என்ன அண்ணாச்சி, நீருமா?" என்று பல்லைக் காட்டினார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. "ஆமாவே" என்றார். "வெயில்ல ஏன் நிக்கீரு? அம்மாட்ட சொல்லி ஒமக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுதேன், வந்து உக்காரும்." கடைக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்குக் கடையில் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும்.

எஸ்தருக்கு விருது உறுதியாகிவிட்டது. அவள் அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்துக் குதித்தாள். செருப்பு போட்ட இடத்திலேயே கிடந்தது. நாய் அந்தப் பக்கம் வரவே இல்லை.

திரும்பி வரும்போது ஆற்றங்கரைக் கோயில் வழியாகத்தான் வந்தோம். அப்பா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார், சைக்கிளை நிறுத்தவில்லை. அவர் உள்ளே போவாரா என்று எனக்குத் தெரியாது. வருகிற வாரம் ஓதுவாரிடம் ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அப்பாவையும் கூப்பிடுவேன். காற்றைப் பற்றிப் பேச விடமாட்டேன்.

உனக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றுதான் பாக்கி. எனக்கு வயதாகும். இன்று எழுதியது மறந்துபோகலாம். பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது, என்னிடமும் மிச்சம் இருக்கும். நீ படித்து முடித்து மேடையில் நிற்கிற நாளிலோ, உன் கல்யாண மண்டபத்திலோ, நீ வேலை பார்க்கிற பெரிய கட்டடத்திலோ, நான் வாசலோரமாக நின்றுகொண்டு, "நீ போ, எனக்கு இங்கன காத்தோட்டமா இருக்கு" என்று சொன்னால் நம்பாதே. என் கையிலே யாருடைய செருப்பு இருந்தாலும் அதை வாங்கிக் கீழே போடு. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போ.